திரையில் இல்லாத கட்டம்

மிளகாய்க்கு அன்று காலையிலேயே மூக்கின் மேல் கோபம். அந்தப் பட்டப்பெயரைப் பள்ளிக்கூட நாளிலேயே வைத்தது அவளுடைய அண்ணன். இப்போது அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார்கள். அங்கேயும் அதே பெயர்தான். நிறுவனம் என்று சொல்வதெல்லாம் பெயர்ப்பலகைக்கு மட்டும். பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டு அறைகள், கீழேயிருந்து பல்லைக் குடையும் சத்தம், நடுவில் பழைய மேசைகள். விண்டோஸ் கணினியில் ஓடும் புரோகிராம்களை எழுதுவது தங்கை, அவற்றைப் பேசி விற்பது அண்ணன்.

தொலைபேசியில் அழைத்தது மருந்துக் கிடங்கின் மேலாளர். "மறுபடியும் மருந்து கெட்டுப்போச்சு மேடம். அதே அம்மாதான். கேட்டா அதே பதில்தான். திரையில அப்படி ஒரு கட்டமே இல்லையாம்."

"இல்லையாமா? போன தடவை நான்தானே சார் பார்த்துச் சொன்னேன்?"

"அதனாலதான் சொல்றேன். நேர்ல வந்து, எல்லார் முன்னாடியும் அந்தக் கட்டத்தக் காட்டிட்டுப் போயிடுங்க. இன்னியோட அந்தம்மா கணக்க முடிச்சிடறேன்."

விஷயம் இதுதான். அந்தக் கிடங்கிலிருந்து எந்த மருந்து வெளியே போனாலும் மிளகாய் எழுதிய புரோகிராமில் பதிவாக வேண்டும். கணினித் திரையில் விரியும் பதிவு ஜன்னலின் கடைசி வரியில் 'குளிர்ப்பெட்டி தேவை' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்புதான் அதைச் சேர்த்தாள். அதில் டிக் போட்டால் பொட்டலம் கட்டுகிறவர்கள் பனிப்பையோடு கட்டுவார்கள். போடாவிட்டால் சாதாரண அட்டைப்பெட்டிதான். பிறகு மேலாளர் தன் அறையிலிருந்து பார்த்து ஒப்புதல் கொடுத்ததும் வண்டி கிளம்பும். குளிர் மருந்துகளை வழக்கமாகப் பதிவு செய்கிறவர் விடுப்பில் போனால் பக்கத்து மேசைப் பெண்மணி பார்ப்பார். அந்தப் பெண்மணியை அங்கே எல்லோரும் 'என்ட்ரி அக்கா' என்பார்கள். அவர் பதிவு செய்த ஊசி மருந்து இரண்டாவது முறையாக வெயிலில் வெந்து திரும்பி வந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்குப் போக வேண்டிய மருந்து குப்பைக்குப் போயிற்று.

முதல் தடவை புகார் வந்தபோது மிளகாய் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இணையம் வழியாக அந்த அக்காவின் கணினிக்குள்ளேயே நுழைந்து பார்த்தாள். கட்டம் அங்கே இருந்தது. அதைப் படம் பிடித்து, 'கட்டம் தெளிவாகத் தெரிகிறது, மென்பொருளில் பிழை இல்லை' என்று எழுதி அனுப்பினாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

"மூடிட்டுத் திறங்கன்னு சொன்னோம், திறந்தாங்க. புரோகிராம அழிச்சிட்டு மறுபடியும் ஏத்துங்கன்னோம், ஏத்தினாங்க. இன்னும் கட்டம் இல்லையாம்!" என்று அண்ணனிடம் பொரிந்து தள்ளினாள்.

"போய்க் காட்டிட்டு வா, மிளகாய். ஒரேயடியா வாய மூடிடு," என்றான் அண்ணன்.

மிளகாய் கிளம்பினாள். தன் தப்பை மறைக்க ஒருத்தி தன் புரோகிராமின் மேல் பழியைப் போடுகிறாள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனாள்.

கிடங்கில் வண்டிகள் பின்பக்கம் வாயைத் திறந்து நின்றிருந்தன. பசை நாடாவை இழுத்துக் கிழிக்கும் சத்தம் காதைக் குடைந்தது. சுவரோரமாக வரிசையாக மேசைகள், கடைசி மேசையில் என்ட்ரி அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. மேலாளர் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வேலை நின்று, பொட்டலம் கட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"ஏம்மா, எந்தக் கட்டம் இல்ல?" என்றாள் மிளகாய், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"குளிர்ப்பெட்டிக் கட்டம்தாங்க. என் திரையில அது கிடையாதுங்க. நான் பொய் சொல்லல."

"நகருங்க, நான் காட்டறேன்."

அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து பதிவு ஜன்னலைத் திறந்தாள். மருந்தின் பெயர் வந்தது. அளவு வந்தது. முகவரி வந்தது. அதோடு திரை முடிந்துவிட்டது. குளிர்ப்பெட்டிக் கட்டம் இல்லை. அதற்கும் கீழே இருக்க வேண்டிய 'சேமி' பொத்தானும் இல்லை. மிளகாய்க்கு முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப எப்படிச் சேமிக்கிறீங்க?"

"என்டர் தட்டினா பதிவாயிடுதுங்க. பொத்தான் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

மிளகாய் திரையை உற்றுப் பார்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருந்தன. விண்டோஸ் அமைப்புக்குள் போனாள். எழுத்தின் அளவு நூற்றைம்பது சதவீதம் என்று இருந்தது. அவ்வளவுதான், எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. எழுத்து பெரிதானால் ஜன்னலும் பெரிதாகும். இது சின்னத் திரை. பெரிதான ஜன்னலின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விட்டது. ஜன்னலை இழுக்க முடியாது, சுருக்க முடியாது, உருட்டிப் பார்க்கவும் முடியாது. அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். இணையம் வழியாகப் பார்த்த அன்று என்ன நடந்தது என்பதும் இப்போதுதான் உறைத்தது. தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழைந்தால், நுழைந்தவரின் திரைக்கு ஏற்றபடி அது தன்னை மாற்றிக்கொள்ளும். அவள் பார்த்தது அக்காவின் கணினியை, ஆனால் தன்னுடைய பெரிய திரையின் அளவில். அக்கா பார்க்கும் திரையை அவள் பார்க்கவே இல்லை.

கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத் தலைகால் புரியாது. யார் பக்கத்தில் நிற்கிறார்கள், என்ன பேசுகிறோம் என்று பார்க்க மாட்டார்கள். மிளகாயும் பார்க்கவில்லை.

"கிடைச்சிடுச்சு சார்! எழுத்தப் பெருசு பண்ணி வச்சிருக்காங்க! அதான் கடைசி வரி வெளிய தள்ளிடுச்சு! இவங்க சொன்னது உண்மைதான், இவங்க திரையில கட்டம் கிடையாது!"

"எழுத்த யார் பெருசு பண்ணது?" என்றார் மேலாளர்.

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "நான்தாங்க. கொஞ்ச நாளா சின்ன எழுத்து மங்கலாத் தெரியுது. கண்ணாடி போட்டும் சரியாகல. பெருசா வச்சா நல்லாப் படிக்க முடியுது."

மேலாளரின் குரல் எகிறியது. "கண்ணு தெரியாத ஆள உக்கார வச்சா நான் மருந்து அனுப்பிட்டிருக்கேன்? இத ஏன் எங்கிட்ட மறைச்சீங்க? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"சார், பெரிய எழுத்துல எனக்கு நல்லாவே தெரியுது. இத்தன நாள்ல ஒரு பேர், ஒரு அளவு தப்பா அடிச்சிருப்பேனா?"

"வர வேண்டாம்னா வர வேண்டாம்." அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

அக்கா மிளகாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து தன் சாமான்களை எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். உண்மையைச் சொல்லி ஒருத்தியைக் காப்பாற்றியதாக மிளகாய் நினைத்திருந்தாள். காப்பாற்றின லட்சணம் கண்ணெதிரே பை கட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து அண்ணனை அழைத்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சிரித்தான். "ரொம்ப நல்லதாப் போச்சு! அமைப்ப மாத்தினது அவங்க ஆளு. நம்ம மேல தப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு."

"தப்பில்லையா? ஜன்னலை இழுக்க முடியாம வைன்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?"

"இழுத்து அலங்கோலம் பண்ணிடுவாங்கன்னு சொன்னேன். பார்க்க அழகா இருக்கணும்ல?"

"அழகு! ஒரு பொம்பளையோட வேலைக்கு உலை வச்சிருக்கு உன் அழகு! நீ சொன்னேன்னு தலையாட்டிட்டு அப்படியே எழுதினேன் பாரு, என்னச் சொல்லணும். எழுத்தப் பெருசு பண்றதுக்குன்னே விண்டோஸ்ல வசதி குடுத்து வச்சிருக்கான். அத ஒருத்தர் பயன்படுத்தினா நம்ம புரோகிராம் பல்ல இளிக்குது. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது பெரிய எழுத்துல ஓட்டிப் பார்த்தோமா?"

"கத்தாத மிளகாய். ஒப்பந்தம் போயிடும்."

"போகட்டும்!" என்று தொடர்பைத் துண்டித்தாள்.

திரும்பி உள்ளே போய், பொட்டலங்களுக்கு நடுவில் ஒரு காலிப் பெட்டியின் மேல் மடிக்கணினியைத் திறந்தாள். விரல்கள் விசைகளை மொத்தின. ஜன்னல் திரையைவிடப் பெரிதானால் உருட்டும் பட்டை வரும்படி செய்தாள். குளிர்ப்பெட்டிக் கட்டத்தைக் கடைசி வரியிலிருந்து பிடுங்கி மருந்தின் பெயருக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அக்காவின் கணினியில் ஏற்றி, அதே பெரிய எழுத்தில் ஓட்டிப் பார்த்தாள். கட்டம் எடுத்ததுமே கண்ணில் பட்டது. இவ்வளவுதான் வேலை. இதை அன்றைக்கே செய்திருக்கலாம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

மேலாளர் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனாள். "சரி பண்ணிட்டேன் சார். இனிமே எந்த எழுத்துலயும் கட்டம் மறையாது. அந்த அக்கா தாராளமா வேலை பார்க்கலாம்."

"நல்லது. புதுசா வர்ற ஆளுக்கு உதவும்."

"புது ஆள் எதுக்கு? தப்பு எங்களோடது."

"மேடம், மருந்து விஷயம். கண்ணு சரியில்லாதவங்கள வச்சிக்க முடியாது. உங்க வேலை முடிஞ்சா கிளம்புங்க."

"முடியல. உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் பழசுதான் ஓடுது. தள்ளுங்க."

அவர் நாற்காலியை நகர்த்தினார். மிளகாய் பழைய பதிவுகளைத் திறந்தாள், புதியதை ஏற்றுமுன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். கெட்டுப்போன மருந்தின் பதிவு வந்தது. இவருடைய திரையில் ஜன்னல் முழுவதும் தெரிந்தது, கடைசி வரி உட்பட. 'குளிர்ப்பெட்டி தேவை' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதே வரியின் ஓரத்தில் 'ஒப்புதல்: மேலாளர்' என்று இருந்தது. முந்தைய தடவை கெட்ட மருந்தைத் திறந்தாள். அதிலும் காலிக் கட்டம், அதிலும் அவர் ஒப்புதல்.

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னாள், "சார், இந்தக் கடைசி வரியக் கொஞ்சம் படிங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார். முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனார். "குளிர்... பெட்டி..."

"டிக் இருக்கா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த அக்கா திரையில கட்டமே இல்ல, அதனால பார்க்கல. உங்க திரையில இருந்துச்சு. காலியா இருந்துச்சு. ரெண்டு தடவையும் ஒப்புதல் குடுத்து வண்டிய அனுப்பினது நீங்க. இப்ப சொல்லுங்க, யார் கண்ணு சரியில்ல? யாரு நாளையிலேர்ந்து வர வேண்டாம்?"

"குரலத் தாழ்த்துங்க மேடம்."

"எல்லார் முன்னாடியும் அவங்ககிட்ட நீங்க குரலத் தாழ்த்தலையே!"

மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வெளியே யார் யார் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனம் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

"சரி. அந்தம்மா இருக்கட்டும். இந்த ஒப்புதல் விஷயம் இந்த அறைய விட்டு வெளிய போக வேண்டாம்."

"நீங்களே வெளிய வந்து, எல்லார் முன்னாடியும் அவங்கள இருக்கச் சொல்லுங்க. அப்ப போகாது."

மிளகாய் புதிய புரோகிராமை ஏற்றிவிட்டு எழுந்தாள். கதவைத் திறக்கப் போனபோது அவர் செருமினார். "அந்த எழுத்து... என் கம்ப்யூட்டர்லயும் கொஞ்சம் பெருசு பண்ண முடியுமா?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பே வந்துவிட்டது. "அந்த அக்காவக் கேளுங்க. அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

அவர் வெளியே வந்தார். "நீங்க இருங்கம்மா, வேலையப் பாருங்க," என்று யார் முகத்தையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார். வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டார். பொட்டலம் கட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாடா கிழிபடும் சத்தம் மறுபடி தொடங்கியது.

மிளகாய் கடைசி மேசைக்குப் போனாள். நன்றியெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்கு அவசியமே வரவில்லை.

"அக்கா, கட்டத்த மேல வச்சிருக்கேன். இனிமே உங்க எழுத்துலயே..."

"பார்த்தேன்." அக்கா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி இழுப்பறையில் வைத்துக்கொண்டிருந்தார். "தூரத்துலேர்ந்து பார்த்துட்டு, கட்டம் தெளிவாத் தெரியுதுன்னு எழுதி அனுப்பினது நீங்கதானே?"

"நான்தான்."

"அந்தப் படத்த இங்க சுவத்துல ஒட்டி வச்சாங்க. அன்னியிலேர்ந்து இங்க என் பேரு பொய்க்காரி. இன்னிக்கு வந்து, எல்லார் முன்னாடியும் என் கண்ணப் பத்திக் கூவினீங்க. என் வீட்டுக்காரருக்கே தெரியாது அது. என்னத் தனியாக் கூப்பிட்டு, 'ஏன் அக்கா எழுத்து பெருசா இருக்கு'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே சொல்லியிருப்பேன்."

கோபப்பட அங்கே மிளகாய்க்கு யாரும் மிச்சமில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் அக்கா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. "வெளிச்சத்த மறைக்கிறீங்க."