பீங்கான் குச்சியால் வந்த ஆறு

1968 சித்திரையில் விருத்தாசலம் அர்ச்சுனன் ஸ்டூடியோவில் மாட்டியிருந்த ஆற்றுப் படத்திலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கியது. மணிக்கு ஒரு சொம்பு. அந்த வருடம் மணிமுத்தாறு வெறும் மணலாகக் கிடந்ததால் எப்படி வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏன் இவ்வளவு குறைவு என்றுதான் கேட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் அப்படித்தான்.

போட்டோத் தாள் கிடைக்காமல், அர்ச்சுனன் தானே இரும்பு மருந்து கலந்து சாதாரணத் தாளில் பிரஷ்ஷால் பூசினார். பழைய வெள்ளத்தின் நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினார். அப்படி நீல நிறத்தில் வந்த படம் அது. பூச்சு கோடு கோடாக விழுந்திருந்தது. மருந்து பட்ட கோடுகளில் மட்டும் ஆறு ஓடியது.

இதைக் கவனித்தவள் அம்சவல்லி. விருத்தகிரியின் பட்டறையில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். களிமண் குழைக்கத் தண்ணீர் இல்லாததால் வெள்ளிக்கிழமையோடு பட்டறையை மூடுவதாக விருத்தகிரி சொல்லிவிட்டார். அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்களுக்கு அந்தப் பட்டறைதான் சோறு.

“முழுசாப் பூசினா முழு ஆறும் வரும்ண்ணே,” என்றாள்.

“பொம்மைக்குக் கண்ணு எழுதற வேலன்னு நெனச்சியா?” என்று சிரித்த அர்ச்சுனன், மருந்தையும் தாளையும் கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்க ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தகரப் பட்டை போட்ட பிரஷ்ஷில் மருந்து தகரத்தைத் தொட்டுக் கெட்டது. தண்ணீர் துரு வாடையோடு வந்தது. தென்னை நாரில் பூசியதில் தண்ணீரோடு நாரும் வந்தது. ஸ்பாஞ்சு பாதி மருந்தைத் தானே குடித்துவிட்டது. படம் சும்மா ஈரமாக இருந்தது. வியாழனன்று பட்டறையிலிருந்து விரல் பருமனில் ஒரு பீங்கான் குச்சி கொண்டுவந்தாள். கைப்பழக்கம், கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு போடாத குச்சியை எடுத்திருந்தாள். பொம்மையில் கண் எழுத அந்தச் சொரசொரப்புதான் வசதி, மையை உடனே உறிஞ்சும். மருந்தையும் அப்படியே உறிஞ்சியது. தாள் காய்ந்து கிடக்க, அன்று பூராவும் குச்சி வியர்த்தது. அம்சவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, கிளேஸ் போட்டுச் சுட்ட வழவழப்பான குச்சியோடும், வீட்டிலிருந்த கடைசிக் குடம் குடிதண்ணீரோடும் வந்தாள். தாளின் ஓரத்தில் மருந்தை ஊற்றி, குச்சியைப் படுக்க வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. பாலாடை போலப் படிந்தது. காயவைத்து, நெகட்டிவ் வைத்து, வெயில் காட்டி, அந்தக் குடத்துத் தண்ணீரில் அலசினாள்.

ஆறு இரு கரையும் தொட்டு வந்தது. ஸ்டூலோடு அர்ச்சுனனைத் தெருவில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கடைத்தெரு வழியாகப் பட்டறைக்குள் புகுந்து மண் தொட்டிகளை நிரப்பியது. கதவைப் பூட்டிக்கொண்டிருந்த விருத்தகிரி இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

“என்னா பாத்துகிட்டு நிக்கிறீங்க? மண்ணக் கொட்டுங்கடி!” என்று அம்சவல்லி கத்தினாள். பதினோரு பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் போட்ட கூச்சல் ரயில் ஜங்ஷன் வரை கேட்டதாகச் சொல்வார்கள். எனக்கும் கேட்டது.

அடுத்த பத்து வருடத்தில் மழை வந்தது, போனது. பட்டறை ஒருநாள்கூடத் தண்ணீருக்காக நிற்கவில்லை. நிஜ ஆற்றில் வெள்ளம் வந்தால் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள் பஸ் பிடித்து வந்து குச்சியை இரவல் வாங்கிப் போவார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அம்சவல்லி அதற்குச் சந்தனம் வைப்பாள். அர்ச்சுனன் தன் கேமராவைக் கொண்டுவந்து, யாரும் சொல்லாமலே, குச்சிக்கு ஒரு படி கீழே வைப்பார்.