அகீலாவின் தென்சுவர்

கற்பிட்டியில் அந்த நான்கு வீடுகளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரே கூரை, நடுவில் சந்து பொந்து எதுவும் இல்லை. உப்பு வியாபாரி ஒருவர் தன் நான்கு பெண்மக்களுக்கும் சீதனமாகக் கட்டியவை. அக்கா தங்கைக்கு இரட்டைச் சுவர் எதற்கு என்று, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து ஒரே சுவராக எழுப்பிவிட்டார். நல்ல மனிதர். மஸாஹிர் என்று ஒருவன் வந்து சேருவான் என்று அவர் கண்டாரா?

மஸாஹிர் முந்தல் ஊரில் இறால் வளர்த்துக் காசு பார்த்தவன். இரண்டு வருடத்துக்கு முன் தெற்குக் கோடி வீட்டை வாங்கிக் குடிவந்தான். இப்போது அதை இடித்து மாடிக் கடை கட்டப் போகிறானாம். கட்டட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்த அகீலாவின் வீட்டோடு ஒட்டிய சுவரும் தன்னுடையதுதான், அதையும் இடிப்பேன் என்கிறான். அது போனால் கூரை அகீலாவின் தலையில்தான் வந்து உட்காரும்.

வீட்டு உறுதிப் பத்திரத்தில் சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு: விளக்கு மாடம் எந்தப் பக்கமோ, சுவர் அந்த வீட்டுக்கு. இரண்டு பக்கமும் இருந்தால் பொது, ஒருவரைக் கேளாமல் மற்றவர் தொடக்கூடாது. மஸாஹிரின் பக்கம் வடிவான மாடம் ஒன்று இருந்தது. அகீலாவின் பக்கம் வெறும் சுவர்.

ஜும்ஆ முடிந்ததும் பிணக்கைத் தீர்க்க, தலைவர் அத்தாஉல்லா ஹாஜியாரோடு பள்ளிவாசல் நிர்வாகத்தார் அகீலாவின் முன்னறைக்கு வந்தார்கள்.

“ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாடம் ஹாஜியார், இங்கால இருந்து அங்கால தெரியும்,” என்றாள் அகீலா. “என்ட கலியாணத்துக்கு மாப்புள வீட்டார் பழைய வீடு எண்டு சொல்லுவாங்கண்டு வாப்பாதான் அடச்சிப் பூசினார்.”

“அப்ப எங்க, காட்டுங்க ராத்தா,” என்று சிரித்தான் மஸாஹிர்.

அவள் இரும்பு அலவாங்கைத் தூக்கி, குத்துமதிப்பாக ஓரிடத்தில் சுவரை இடித்தாள். பூச்சு கொட்டியது, உள்ளே கல். தள்ளி இடித்தாள், அங்கும் கல். அத்தாஉல்லா ஹாஜியார் தொண்டையைச் செருமினார். அகீலா அலவாங்கை ஊன்றி நின்றாள். பிறந்த வீடு, பிள்ளை பெற்ற வீடு, இன்றோடு போயிற்றா?

அப்போதுதான் கல்யாணத்துக்கு வந்த அலுமாரி கண்ணில் பட்டது. பூசிய இடத்தில் கரி ஊறி வருகிறது என்று வாப்பா முகம் சுளித்ததும், அதை மறைத்து அலுமாரியை நிறுத்தியதும் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தன. அன்றிலிருந்து அதை யாரும் அசைத்ததில்லை.

“அலுமாரியத் தள்ளுங்க!”

நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள். அகீலா பிஸ்மி சொல்லி இடித்தாள். அலவாங்கு பொசுக்கென்று உள்ளே போனது. செங்கற்கள் அடுத்த வீட்டுக்குள் சடசடவென்று விழ, அங்கே நிர்வாகத்தாருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மஸாஹிரின் பெண்சாதி ரம்ஸியா “அல்லாஹ்!” என்று அலறினாள். தூசி அடங்கியதும் சுவரை ஊடறுத்து ஒரே வளைவு தெரிந்தது. உட்புறமெல்லாம் விளக்குக் கரி. அந்தப் பக்கமிருந்து ரம்ஸியா எட்டிப் பார்த்தாள்.

“ராத்தா, ஒங்கட மொகம் தெரியுது!”

ஹாஜியார் குனிந்து வளைவைத் தடவினார், விரலில் கரி ஒட்டியது. “செவரு பொது. அகீலா ஓம் எண்டு சொல்லாம ஒரு கல்லும் அசையப்படாது.”

“நான் சொல்லமாட்டன்,” என்றாள் அகீலா.

ரம்ஸியா தேத்தண்ணித் தட்டை மாடத்தின் வழியே நீட்டினாள். வழக்கப்படி ஹாஜியார்தான் முதலில் எடுக்க வேண்டும். அன்று அகீலா முந்திக்கொண்டாள். சுண்ணாம்புத் தூசி படிந்த கையோடு, சபை முழுவதும் பார்த்திருக்க, தன் சுவரில் சாய்ந்து நின்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.