எசெனின் தோட்டத்துக் களிமண்

காராசார் சுரங்கம் மூடி முப்பது வருடமாகியும் அதன் யுரேனியக் கழிவுக் குன்று ஆற்றோரம் அப்படியே கிடந்தது. மழை பெய்தால் அதன் நஞ்சு ஆற்றில் இறங்கியது. குன்றின் சரிவைக் குறைத்து, களிமண்ணால் மூடி, மேலே கல்லும் மண்ணும் பரப்பிப் புல் வளர்க்கும் வேலைக்குப் பொறியாளராக ஜூரா வந்தாள். நாற்பத்தாறு வயது. ஒரே மகள் மாஸ்கோவில். ஞாயிறுகளில் வேலையாட்கள் கீழே போய்விட, அவள் மட்டும் தகரக் கொட்டகையில் இருப்பாள்.

லாரியில் வந்த களிமண் தேறவில்லை. மணல் கலந்திருந்ததால், சோதனைக்குத் தேக்கிய தண்ணீர் ஒரே நாளில் இறங்கிவிட்டது. சுற்றிலும் துளையிட்டுப் பார்த்தாள். நல்ல களிமண் ஓரிடத்தில்தான் இருந்தது: எசெனின் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு அடியில். எசென் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர். ஊரே காலியான பிறகும் போகாமல் தங்கிவிட்டவர்.

"ஜனம் போச்சு, கடை போச்சு, கரண்டும் போச்சு. மிச்சமிருக்கிற மண்ணையும் அள்ள வந்தியா, இன்ஜினியரம்மா?" என்றார்.

"கீழ இருக்கிற ஆறு ஊருங்களும் இந்த ஆத்துத் தண்ணியத்தான் குடிக்குது அண்ணே."

"நானும் அதைத்தான் குடிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

"ஆபீஸ்ல உத்தரவு வாங்க முடியும்." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"வாங்கிட்டு வா. கிழங்கை யாரு தோண்டறதுன்னும் அதுல எழுதச் சொல்லு."

அவள் உத்தரவு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மண்வெட்டியோடு போய் அவருக்குப் பக்கத்து வரிசையில் கிழங்கு தோண்டினாள். கடைசி மூட்டையைக் கட்டும்போது எசென் சொன்னார்.

"இனி மண்ணை எடுத்துக்கோ. ஆனா வேலை முடியற வரைக்கும் சாயங்காலம் டீக்கு வந்துடணும். கழுதைகிட்டயே பேசிப் பேசி எனக்கும் காது நீளுது."

களிமண்ணைச் சாண் கனத்துக்குப் பரப்பி, ரோலரால் இறுக்கி, அதன்மேல் அடுத்ததைப் பரப்பினார்கள். எசென் ஓரமாக நின்று நக்கலடிப்பார். சாயங்காலம் உப்புப் போட்ட பால் டீயும் ரொட்டியும் இருக்கும், ஏதாவது ஒரு சண்டையும் இருக்கும். ஒரு வாரம் மகளைப் போனில் கூப்பிடவே ஜூரா மறந்துபோனாள்.

பனி விழுமுன் வேலை முடிந்தது. இயந்திரங்கள் இறங்கிப் போன அன்று டீக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. கழுதையும் இல்லை.

"ஓஷ் டவுனுக்கு, மகன் வீட்டுக்குப் போயிட்டாரு," என்றான் கடைசி லாரி டிரைவர். "தோட்டமும் போச்சு, இனி எதைக் கட்டிக்கிட்டு அழறதுன்னாரு."

அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. கசிவை அளக்கும் வேலை அவளுக்கு இன்னும் மூன்று நாள் பாக்கியிருந்தது. பள்ளத்தாக்கில் எங்கும் அடுப்புப் புகை எழவில்லை. ஒரு குரலாவது கேட்கட்டும் என்று ஜூரா எண்களை உரக்கப் படித்தபடியே எழுதினாள்.

வசந்தத்தில் அவள் திரும்பி வந்தபோது குன்றின்மேல் புல் முளைத்திருந்தது. கசிவும் நின்றிருந்தது. மகன் வீட்டுப் போன் எண்ணைத் தேடிப் பிடித்து எசெனிடம் அதைச் சொன்னாள்.

"சரி," என்றார். பிறகு, "நாலாவது மாடி. எதிர் வீட்டுக்காரன் பேரு இன்னும் தெரியலை."

ஜூனில் அவரை ஜீப்பில் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போனாள். தோட்டத்துக் குழியையும் அவள் நிரவி விதைத்திருந்தாள். அவர் அதன் ஓரமாக ஒரு சுற்று நடந்தார்.

"திரும்ப வந்துடறீங்களா அண்ணே?"

"வந்து யார்கூடப் பேசறது? நீயும் இருக்கமாட்டே."

அவள் அளவெடுத்து முடிக்கும்வரை அவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.