ஊரில் மாட்டிய எஞ்சின்

பல்செட்டுக்காரர் தன் சைக்கிளில் எஞ்சின் மாட்டி முதன்முதலாக ஓட்டிய காலையில், சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது, ஊர்தான் நகர்ந்தது. தையல் மெஷின் ஊசிக்குக் கீழே துணி நகர்வதைப்போல் ரோடு சக்கரத்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போக, சலவைக்கடை, மாவு மில், பெட்டிக்கடை எல்லாம் ஒவ்வொன்றாய் அவரைக் கடந்துபோயின. பிரேக் பிடித்தபோது, அவர் போக நினைத்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதியின் வீடு அவருடைய வாசலுக்கு எதிரே வந்து நின்றது. நீதிபதி பல்லில்லாத வாயைத் துடைத்தபடி, "சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்களே" என்றார். வந்தது யார் என்று வாதாட இருவருக்குமே தோன்றவில்லை.

வீடு வீடாகப் போய் ஈறுக்கு அளவெடுத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதால்தான் எஞ்சின் ஆசையே வந்தது. மருந்து தெளிக்கும் பழைய மெஷின் ஒன்றின் எஞ்சினை வாங்கி, வெல்டரின் பட்டறையில் வைத்து, சைக்கிள் தண்டுகளின் முக்கோணத்துக்குள் உட்கார வைத்தார்கள். முன் தண்டு பருமனாக இருந்ததால் போல்ட் ஏறவில்லை. வெல்டர் தகட்டை வளைத்துத் தனியாக ஒரு கிளாம்ப் அடித்தார். பின்சக்கரத்தின் ஸ்போக்குகளோடு இன்னொரு பல்சக்கரத்தைச் சேர்த்து இறுக்கி, செயின் நேராக ஓடுகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்கள். அதிர்வு தாங்க கிளாம்புக்கு அடியில் ரப்பர் வைக்கச் சொன்னார் வெல்டர். எதுவும் அசையக்கூடாது என்பதே பிழைப்பாக இருப்பவருக்கு ரப்பர் பிடிக்கவில்லை. நட்டு கதறும்வரை ஸ்பேனரைத் திருகினார். ஊர் நகர்ந்த சேதி கேட்டு ஓடிவந்த வெல்டர் குனிந்து பார்த்துவிட்டு, "நீங்க எஞ்சினை வண்டியில மாட்டலைங்க, ஊர்ல மாட்டிட்டீங்க" என்றார். கழற்றலாமா என்று கேட்டதற்கு, பிடி விட்டால் ஊர் எங்கே போய் விழுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஜனங்கள் முதலில் கத்தினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். அடுப்பில் பால் வைத்தவர்கள் எஞ்சின் சத்தம் கேட்டால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தபால்காரர் வீட்டு எண்ணை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக் கடிதம் கொடுத்தார். வெயில் விழாத தெருக்காரர்கள், கொஞ்சம் கிழக்கே தள்ளி விடுங்களேன் என்று வந்து நின்றார்கள். சாயங்காலம் சைக்கிளைத் திருப்பி வைத்து ஓட்டினால் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒரே ஒரு வீட்டை மட்டும் அவர் தன் வாசலில் நிறுத்தியதே இல்லை. அது மெத்தை தைக்கும் சகலையின் வீடு. சகலைக்குப் பல் போனபோது அவர் வேறு ஆளிடம் போய்ப் பல்செட் கட்டிக்கொண்டார். பல்செட்டுக்காரருக்கு அது மனவருத்தம். அவர் மனைவிக்கோ மானப் பிரச்சினை. என் புருஷன் கையை நம்பாத வீட்டுப் படியை மிதிக்கமாட்டேன் என்று கூடப்பிறந்த தங்கையோடு பேச்சை நிறுத்தியவள், வருஷங்கள் ஓடியும் அவள் பேரைக்கூட உச்சரிக்கவில்லை. அந்த வீடு வரும்போதெல்லாம் மனைவி ஜன்னலைச் சாத்துவாள். அவரும் முறுக்கு முறுக்கென்று முறுக்கி வேகமாகக் கடந்துவிடுவார்.

அப்படி முறுக்கிய ஒரு மத்தியானம், ஆயில் போதாமல் பிஸ்டன் சூடேறி இறுகிக்கொண்டது. சகலையின் வீடு நேர் எதிரே, ஜன்னலுக்கு ஜன்னல், நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் எஞ்சின் அசையவில்லை. மனைவி திரைமேல் திரையாகத் தொங்கவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னலிலும் மெத்தை உறை ஏறியது. ஆனால் காதுக்குத் திரை போட முடியுமா? சகலை சாப்பிடும்போதெல்லாம் அவருடைய பல்செட் கடகடவென்று தாளம் போட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னங்க, அந்தச் சத்தம் கேட்கச் சகிக்கல. போய் அளவெடுத்துட்டு வாங்க."

"கூப்பிடாம எப்படிப் போறது?"

"நடந்துதான். எதிர்வீடுதானே."

கதவைத் திறந்த கொழுந்தியாள் "வாங்க அத்தான்" என்றுவிட்டு, சுத்தமாக இருந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். பஞ்சுக் குவியலுக்கு நடுவே இருந்த சகலை, வாயைத் திறக்கச் சொன்னதும் காதுவரை சிவந்துபோனார்.

"அப்பவே உங்ககிட்ட வந்திருப்பேன் சகலை. மாப்பிள்ளை முறுக்கோட திரிஞ்சவன் நான். பொக்கை வாயை உங்க முன்னாடி திறக்க வெட்கமா இருந்துச்சு."

"இதுக்கா இத்தனை வருஷம்? ஆ காட்டுங்க."

அளவெடுக்கும் பசையை அவர் சகலையின் வாயில் வைத்த நேரம், கிண்ணத்தை மறந்துவிட்டீர்கள் என்ற சாக்கில் மனைவி வந்து வாசலில் நின்றாள். கிண்ணம் ஏற்கெனவே அவர் கையில்தான் இருந்தது. "அக்கா, இளைச்சுட்டியே" என்றாள் தங்கை. "நீ ஏண்டி இப்படி ஊதிட்ட" என்றாள் அக்கா. அதற்கு மேல் இருவரும் அழுத அழுகையில் பல்செட்டுக்காரரும் கண்ணைத் துடைக்கப் போக, பசை கல்லாக இறுகிவிட்டது. நடந்த சமாதானம் முழுவதையும் சகலை வாயைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

புதுப் பல்செட் பொருந்திய சில நாளில் பிஸ்டனும் இளகியது. எங்கள் தெருவைக் கொண்டுபோய் விடுங்கள் என்று ஊரே வாசலில் கூடியது. அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் மனைவி வெளியே வந்து, "அவ வீட்டை விட்டுட்டு மத்ததை ஓட்டுங்க" என்றாள். அதெப்படி முடியும் என்று வெல்டரைப் பார்த்தார். வெல்டர் வானத்தைப் பார்த்தார். அதற்குள் அக்காவும் தங்கையும் தெருவுக்குக் குறுக்கே ஜன்னலுக்கு ஜன்னல் துணிக்கொடி கட்டி ஈரப் போர்வைகளைப் போட்டிருந்தார்கள். எஞ்சின் உறுமியது. கொடி விறைத்தது, அறுந்து அடிக்கப்போகிறது என்று எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அறவில்லை. ஊர் நகர்ந்து போனது, இரண்டு வீடுகளும் நின்றன.

அதன்பிறகு சகலையின் பழைய இடத்தில் அந்தத் தெருக்காரர்கள் வண்டி நிறுத்திக்கொண்டார்கள். போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கொழுந்தியாள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இந்தப் படியில ஏறி நில்லுங்க, அத்தான் இப்ப வண்டி எடுத்துடுவாரு" என்றாள்.