சுவரில் ஆடும் புள்ளிகள்

...இன்னும் ஆடுகின்றன, சுவரிலே அந்தச் சிவப்புப் புள்ளிகள், ஒன்று மினுங்க மற்றது அணைய, சொல்வழி கேளாத பிள்ளைகள் மாதிரி, அப்படியென்றால் குப்பிக்குள்ளே கடற்பாசிக் கரைசல் இன்னும் தண்ணீர்தான், துகள்கள் தங்கள் பாட்டுக்கு ஓடித்திரிகின்றன, லேசர் வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறி அந்த ஓட்டத்தைச் சுவரில் காட்டுகிறது, கரைசல் இறுகிக் களியானால் புள்ளிகள் அப்படியே நின்றுவிடும், நிற்கிற அந்தக் கணத்தைப் பிடித்துவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கிற ஞானாம்பிகையின் ஆராய்ச்சி முடிந்தது, பிடிக்காவிட்டால்... மண்ணெண்ணெய் கடைசிவரை காணுமா? மின்சாரம் போன காலந்தொட்டு தண்ணீர் இறைக்கிற எஞ்சினில் டைனமோவைப் பூட்டித்தான் எல்லாம், வெளியே ஆய்வுகூட உதவியாளர் சிமியோன் அதைத் தடவித் தடவி ஓட்டுகிறார், ஊற்றியிருப்பது இணுவில் வீட்டில் அக்கா பராசக்தி தன் விளக்குக்கென்று ஒளித்து வைத்த கடைசிப் போத்தல், இனி ஒருமுறை இல்லை. தரும்போது அக்கா சிரித்தாள், உன்ரை களி இறுகிறதைப் பாக்க நாங்கள் இருட்டுக்கை கிடக்கவேணுமோ, தொதல் கிண்டுறவளுக்கு இறுகினது தெரியாதோ என்று. தெரியும் அக்கா, இனிப்புச் சட்டியில் அகப்பை சொல்லும், ஆனால் அகப்பை பட்டால் இது குலைந்துபோகும், தொடாமல் அறியத்தானே இந்த வெளிச்சம்... இருக்கவும் முடியவில்லை, நடந்தால் மேசை அதிரும் என்று நடக்கவும் முடியவில்லை, கண்ணைக் கொட்டினால்கூட அந்தக் கணம் போய்விடுமோ?

இது எஞ்சின் சத்தமா, இல்லை, மேலே விமானம்... வாசலில் சிமியோன், “மிஸ், பொம்மர் சுத்துது, பங்கருக்கை வாங்கோ.”

“நீங்கள் போங்கோ, நான் வாறன்.”

“உப்பிடித்தான் போனமுறையும் சொன்னனீங்கள்.”

அவரைச் சிரித்துச் சமாளித்து, எஞ்சினை நிற்பாட்ட வேண்டாமென்று கையைக் காட்டித் திரும்புவதற்கு முதல் குண்டு விழுந்தது, யன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது, மேசை ஒருதரம் குலுங்கியது, சுவரில் புள்ளிகள் அத்தனையும் ஒன்றாக ஒருபக்கம் சாய்ந்து ஒன்றாகவே திரும்பி வந்து நின்றன. ஒன்றாக. தண்ணீரென்றால் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கும்... இறுகிவிட்டது, ஐயோ, இறுகிவிட்டது, ஆனால் எப்போது, வாசலைப் பார்த்த நேரத்திலா, கையைக் காட்டிய நேரத்திலா, எந்த நேரத்தை எழுதுவது? சிமியோன் இன்னும் போகவில்லை, குரல் இறங்கிப்போய்ச் சொன்னார், “இணுவில் பக்கம்போலை கிடக்கு, மிஸ்.” ஓம், அது அவளுக்கும் தெரியும், விழுந்த உடனேயே திசை தெரிந்ததே, தெரிந்துகொண்டுதானே சுவரைப் பார்த்தாள்... சைக்கிள் பூட்டின் திறப்பு எங்கே, திறப்பு கையில்தான் இருந்தது, கால் நகரவில்லை, சுவரைப் பார்த்தபோது அக்காவை நினைத்தாளா? நினைத்திருப்பாள், நினைக்காமல் இருப்பாளா... நினைத்தாளா?