தானாய் முளைக்க வேண்டிய உசில்

சமயநல்லூருக்கு மேற்கே, நாகமலையைப் பார்த்தபடி கிடக்கும் இருபது சென்ட் நிலத்தில் கருத்தக்கண்ணன் ஒன்பது வருடமாக ஒன்றும் செய்யாமல் இருந்தார். உழுது பிழைக்கும் ஒரு சம்சாரிக்கு இதைவிடக் கொடுமையான வேலை உலகத்தில் கிடையாது.

எல்லாம் மகள் சுபலட்சுமி போட்ட உத்தரவு. தாவரவியல் படித்தவள். உழவு நின்றுபோன நிலத்தில் முதலில் எது முளைக்கும், அதைத் தள்ளிவிட்டு அடுத்து எது வரும், கடைசியில் காடு எப்படித் திரும்பும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நாலு மூலையிலும் கல் ஊன்றி, "இதுக்குள்ள உழக்கூடாது, களை எடுக்கக்கூடாது, தண்ணி விடக்கூடாதுப்பா" என்று சொன்னாள். இரண்டாம் வருடமே வேலை கிடைத்துப் பின்லாந்துக்குப் போய்விட்டாள். அங்கே ஊசியிலைக் காட்டுக்குள் பனியில் நின்று பாசியை எண்ணுகிறாளாம். எண்ணட்டும், மகராசி. போகும்போது ஒரு வார்த்தை சொன்னாளே, அதுதான் வினை.

"நம்ம மண்ணோட மரம் உசில்ப்பா. அது தானா முளைச்ச அன்னைக்குப் போன் போடுங்க. எங்க இருந்தாலும் வந்து பாப்பேன்."

இடையில் ஒரே ஒரு தடவை வந்தாள். பத்து நாள். அதுவும் நாலு வருடம் ஆகிவிட்டது.

நிலம் என்னவோ அவள் சொன்னபடிதான் நடந்துகொண்டது. முதல் மழைக்கு நெருஞ்சியும் கோரையும் வந்தன. ஊரே சிரித்தது. மூன்றாம் வருடம் ஆவாரையும் எருக்கும் எழும்பி நெருஞ்சியை இருந்த இடம் தெரியாமல் ஆக்கின. அப்புறம் உடைமுள். முள்ளில் உட்கார்ந்த குருவிகள் எச்சத்தோடு போட்ட வேப்பங்கொட்டை அந்த நிழலிலேயே முளைத்தது. உடும்பு வந்தது, கீரி வந்தது, கௌதாரி குஞ்சு பொரித்தது. ஒவ்வொன்றையும் போட்டோ பிடித்து மகளுக்கு அனுப்பினார். அவள் கட்டைவிரல் படம் ஒன்று போடுவாள். உசில் மட்டும் வந்தபாடில்லை. நாகமலைப் பக்கமிருந்து காற்றடித்தால், உசில் நெற்று, அந்தக் காய்ந்த காய், எதுவும் பறந்து வருகிறதா என்று பைத்தியக்காரன் மாதிரி அண்ணாந்து நிற்பார்.

"மரத்தையா பாக்குறீக, மகளையா?" என்று கேட்பாள் மனைவி பாண்டியம்மாள். அவர் மறுபடியும் மலைப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன ஐப்பசியில் மனுஷனுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. அலங்காநல்லூர் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணைக்குப் பஸ் ஏறிப்போய், பையில் வளர்ந்த உசிலங்கன்று ஒன்றை வாங்கி வந்தார். பாண்டியம்மாளுக்குக்கூடச் சொல்லவில்லை. உடைமுள்ளுக்கு நடுவில் குழி பறித்து வைத்தார். ஒரு வாரம் கழித்து, இலையை மட்டும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பினார்.

கட்டைவிரல் படம் வரவில்லை. அடுத்த நிமிடமே மகள் வீடியோவில் வந்தாள்.

"அப்பா, நெசமாவா? தையில லீவு போட்டு வாரேன்ப்பா. நல்லாக் காட்டுங்க."

எழுபத்தோரு வயதுக் கருத்தக்கண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முள் கிழிப்பதைக்கூடப் பார்க்காமல் உள்ளே புகுந்து, கன்றின் உச்சியிலிருந்து அடிவரை போனைக் கொண்டுபோனார்.

அடிப்பக்கம் வந்ததும் சுபலட்சுமி முகத்தைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"அப்பா, பாத்தி கட்டுனது யாரு?"

அப்போதுதான் அவரும் பார்த்தார். கன்றைச் சுற்றி, வட்டமாக, விளிம்பைக் கையால் தட்டி மெழுகிய அழகான பாத்தி. காலையில் ஊற்றிய தண்ணீர்கூட இன்னும் முழுசாகச் சுவறவில்லை. ஐம்பது வருடம் வேளாண்மை பார்த்த கை, கன்றை வைத்தால் பாத்தி கட்டாமல் எழுந்திருக்குமா? கட்டியது அவருக்கே நினைவில்லை. பொய் சொல்லத் துணிந்த ஆளுக்கு அதை ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

"கை பழகிப்போச்சு தாயி."

"ஒம்போது வருஷ வேலைப்பா! இனி இந்த இடத்துல எது தானா வந்துச்சுன்னு நான் எப்படி எழுதுவேன்? பிடுங்கிருங்க."

அவர் குனிந்து பிடுங்கினார். பண்ணை மண் கட்டியாக வேரோடு வந்தது. அதைத் தூக்கி எறிய மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இனிமே அது தானா வர எம்புட்டு நாளாகும்?"

"எனக்குத் தெரியலப்பா. பத்து வருஷங்கூட ஆகலாம்."

"அம்புட்டு நாளு நான் இருக்க மாட்டேன்" என்றார். சொல்லக்கூடாது என்று இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "மரத்துக்கு என்ன, வந்தா வருது. எனக்கு உன்னையப் பாக்கணும்போல இருக்கு. அதான் நட்டேன்."

சுபலட்சுமி கண்ணைத் துடைத்தாள்.

"அதுக்கு எதுக்குப்பா உசில்? வான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு, நீ வர முடியாதுன்னு சொல்லிட்டா?" என்றார் கருத்தக்கண்ணன்.