படலையில் கட்டிய வேப்பிலை

பழுகாமத்தில் புஸ்பத்தை நல்லவள் என்று சொல்லாதவர்கள் இல்லை. நல்லவள் என்று பெயர் எடுப்பதில் ஒரு தொல்லை, அந்த உத்தியோகத்துக்கு ஓய்வே கிடையாது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆச்சிப்பிள்ளையின் வீடு. அவளுடைய ஒரே மகள் நேசம்மாவுக்கு ஏழு வயது. இருதயம் பழுதாகி உடம்பெல்லாம் நீர் வைத்திருந்தது. தோணியில் வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சில காலம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளைக்குப் படுத்தால் மூச்சு வராது. யாராவது பின்னால் உட்கார்ந்து நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருக்க வேண்டும். தலையணைகளை அடுக்கிப் பார்த்தார்கள், சரிந்து விழுந்தாள். இரவில் தகப்பன் இராசதுரை பிடிப்பான். விடிந்ததும் வலையோடு வாவிக்குப் போய்விடுவான். பகலெல்லாம் ஆச்சிப்பிள்ளை. மதியம் புஸ்பம் வந்து பிள்ளையை வாங்கினால்தான் அவள் உலை வைப்பதும் குளிப்பதும் கொஞ்சம் கண்ணயர்வதும்.

மாரி தொடங்கியது முதல் அறுவடை வரை புஸ்பம் தவறாமல் போனாள். யாரும் கேட்டுப் போகவில்லை, அவளாகத்தான் போனாள். அதனால்தான் நிறுத்தவும் வழி தெரியவில்லை. இடுப்பு விட்டுப்போனது. வயல் வட்டையில் நெல் சூடடிக்கப் போன கணவன் அங்கே காவல் வாடியிலேயே தங்கிவிட்டான்; வீட்டு வேலை தலைக்கு மேல் கிடந்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறு. தன் மகன் அருமைநாயகம் முற்றத்தில் துள்ளி ஓடும் சத்தம் கேட்டால், அவள் நெஞ்சில் சாய்ந்திருக்கும் பிள்ளை அந்தப் பக்கம் தலையைத் திருப்பும். ஆச்சிப்பிள்ளையும் பார்ப்பாள். சுகமான பிள்ளையைப் பெற்றதே களவெடுத்தது போலப் புஸ்பத்துக்குக் கூசும்.

ஒருநாள் காலையில் அருமைநாயகத்தின் முதுகெல்லாம் வேர்க்குரு. அதைக் கண்டதும் அவள் புத்தி குறுக்கே ஓடியது. வேப்பங்கொப்பை முறித்து வாசல் படலையில் கட்டிவிட்டு, மகனுக்குச் சின்னமுத்து, அம்மாள் இறங்கியிருக்கிறாள் என்று வேலிக்கு மேலால் சொன்னாள். அம்மாள் வந்த வீட்டுக்கு யாரும் வரக்கூடாது, அந்த வீட்டாரும் எங்கும் போகக்கூடாது. சுகமாகித் தலைக்குத் தண்ணீர் வார்த்து முடியும்வரை கேட்பாரில்லை. மகனை உள்ளே அடைத்து, வெளியே தலை காட்டினால் தோலை உரிப்பேன் என்றாள். அன்று மதியம் காலை நீட்டிப் படுத்தாள். சுகமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

மறுநாள் விடியப் படலையடியில் இளநீர் கிடந்தது. அதற்கடுத்த நாள் வெள்ளரிப்பழமும் ஒரு சட்டித் தயிரும். யாரென்று வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தாள். இராசதுரை. அம்மாள் வந்த வீட்டுக்கு மீன் ஆகாதென்று, பிடித்த மீனைக் கொடுத்து இவற்றை மாற்றி வந்திருக்கிறான். இரவெல்லாம் பிள்ளையைப் பிடித்திருந்த கையால் சட்டியை வாழையிலை போட்டு மூடிவிட்டு, கூப்பிடாமலே போனான். நடை தள்ளாடியது.

புஸ்பம் அந்தத் தயிரைத் தொடவில்லை. மகன் சட்டியை வழித்து நக்கினான். அவனை அடித்தாள், பிறகு அடித்ததற்கு அழுதாள். பொய்க்குக் கூப்பிட்ட அம்மாள் மெய்யாகவே வந்து இறங்கினால் என்ன செய்வது என்று பயந்தாள். மதியமானால் அங்கே பிள்ளையை யார் வாங்குகிறார்கள் என்ற நினைப்பு அதைவிட அரித்தது.

பிறகொரு மதியம் வேலிக்கப்பால் ஆச்சிப்பிள்ளையின் குரல் கேட்டது. "சரியாத மகள். அம்மா நித்திரை கொள்ளல்ல, முழிச்சித்தான் இருக்கன்" என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. பிள்ளை இருமியது. திடுக்கிட்டு மறுபடி அதே பேச்சு. மறுபடியும் நின்றது.

புஸ்பம் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வாசலில் அவளைக் கண்டதும் ஆச்சிப்பிள்ளை இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி மறித்தாள். நேசம்மா கண்மூடி வாயால் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கிட்ட வராத புஸ்பம். இன்னும் தண்ணி வார்க்கல்லயே. இவளுக்கும் அம்மாள் வந்தா தாங்கமாட்டாள். நீ போய் மகனைப் பாரு."

திரும்பிப் போயிருக்கலாம். தண்ணீர் வார்த்தாயிற்று என்று சொல்லிக்கொண்டு சில நாள் கழித்து நல்லவளாகவே வந்திருக்கலாம். அந்த யோசனையும் வாசலில் நின்றபோது அவளுக்கு ஓடியது.

"அம்மாள் வரல்லக்கா" என்றாள், குரலைத் தாழ்த்தி. "அவனுக்கு வெறும் வேர்க்குரு. இஞ்ச வர ஏலாமத்தான் வேப்பிலை கட்டினன்."

ஆச்சிப்பிள்ளைக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவள் முகத்தைப் பார்க்கப் புஸ்பத்தால் முடியவில்லை. மண்ணள்ளித் தூற்றட்டும், தலைமயிரைப் பிடித்து இழுக்கட்டும் என்று நின்றாள். ஏசினால் எவ்வளவோ ஆறுதலாக இருக்கும்.

"ஏசுறதுக்கு எனக்குத் தெம்பில்ல புள்ள" என்றாள் ஆச்சிப்பிள்ளை. "முதல்ல இவளைப் பிடி."

பிள்ளையை மாற்றிக் கொடுத்துவிட்டு வெறுந்தரையில் சரிந்தாள். சரிந்த மாதிரியே தூங்கிப்போனாள்.

அந்த அசைவில் நேசம்மா கண் விழித்தாள். யாருடைய நெஞ்சு என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"மாமி, அருமைக்குச் சுகமாயிட்டா?"

"ஓம் மகள்."

"அப்பா அவனுக்காகக் கண்ணகை அம்மன்ட கோயில்ல நேர்த்தி வச்சவர்." மூச்சு வாங்கி, மீதியைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "எனக்கும் வச்சிருக்கார். அப்ப எனக்கும் சுகமாயிரும், என்ன மாமி?"

புஸ்பம் பிள்ளையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஓம் என்றாள். வேறு என்ன சொல்வாள்.